இரண்டு கண்ணும் கட்டியிருந்த நாட்கள்

மே 6, செவ்வாய்

சஷ்டிகா, முதலில் நீ என்னை மன்னிக்க வேண்டும். இது உன்னுடைய நாலுகோடு நோட்டு. துணிகளை அள்ளிப் பையில் திணித்தபோது கூடவே வந்துவிட்டது. சொட்டு மருந்து விட்ட நேரத்தைக் குறித்து வைக்கச் சொன்னார் நர்ஸ். "நீதான படிச்ச புள்ள, நீயே எழுது" என்று அண்ணன் நோட்டை என் மடியில் போட்டுவிட்டான். முன்பக்கத்தில் மருந்து எழுதுகிறேன். பின்பக்கத்தை உன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். டைரி எழுதுகிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. கட்டில் ஓரத்தில் கையை மடித்துக்கொண்டு உட்கார முடியவில்லை, அதற்காகத்தான்.

மன்னிப்புக் கேட்டாயிற்று. இனி நடந்ததை எழுதுகிறேன்.

மத்தியானம் கரண்ட் போயிற்று. பள்ளிபாளையம் முழுக்க ஒரே அமைதி. பட்டறையில் எல்லா விசைத்தறிகளும் நின்றன. அண்ணன் பூபதி டீ குடிக்க வெளியே போனான். தன் தறியை அணைத்துவிட்டுப் போக மறந்துவிட்டான். அண்ணி அறுந்த பாவு நூல்களை முடிந்துகொண்டிருந்தாள். நான் கூடைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். நூல் சுற்றும் காலிக் குச்சிகளைத் தரையில் வரிசையாக வைத்து ரயில் விட்டுக்கொண்டிருந்தாள் சஷ்டிகா. அண்ணன் மகள். ஐந்து வயது முடிந்துவிட்டது, ஜூனில் ஒன்றாம் வகுப்பு. லீவு நாளில் வீட்டில் விட்டால் ஆற்றுக்கு ஓடிவிடுகிறாள் என்று பட்டறைக்குக் கூட்டி வருகிறோம்.

கரண்ட் வந்தது. அண்ணனின் தறி மட்டும் தானாக ஓட ஆரம்பித்தது. நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிற மரக்கட்டைக்கு நாடா என்று பெயர். இரண்டு முனையிலும் இரும்பு இருக்கும். அது பாதி வழியில் நின்றிருந்தது. அண்ணி கத்தினாள். நானும் கத்தினேன். சஷ்டி ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலையைத் தூக்கிய நேரத்தில் நாடா தெறித்து வலது கண்ணில் பட்டது. கட்டையின் பக்கவாட்டுதான் பட்டதாம். இரும்பு முனை பட்டிருந்தால் இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

பக்கத்துப் பட்டறையிலிருந்து கைக்குழந்தைக்காரி ஒருத்தியைக் கூட்டி வந்தார்கள். "தாய்ப்பால் ரெண்டு சொட்டு உட்டாச் செரியாப் போயிரும்" என்றார்கள். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை. அந்தக் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். படித்த திமிர் என்று முணுமுணுக்கிற மாதிரி யாருடைய உதடோ அசைந்தது.

அண்ணன் பைக்கில் முன்னால், நான் அவளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால். காவிரிப் பாலத்தில் லாரிகள் நகரவே இல்லை. அவள் அழவில்லை. நல்ல கண்ணால் என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று ஈரோடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் கண் டாக்டரம்மா முகக்கவசம் போட்டிருந்தார். நிறையப் பேசினார். அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அண்ணனைப் பார்த்தேன். "காலேஜு படிச்ச நீயே இப்பிடி முழிச்சா நான் எங்க போறது?" என்றான். பிறகு அவனே கேட்டுச் சொன்னான். கண்ணுக்குள் முன்பக்கம் ரத்தம் தேங்கியிருக்கிறது. தலையை உயர்த்தி வைத்து அசையாமல் படுத்திருந்தால் தானாக வற்றிவிடும். துள்ளினாலும் கதறினாலும் மறுபடி கசியும். கசிந்தால் அந்தக் கண்ணில் பார்வை நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கண் அசைந்தால் இன்னொன்றும் அசையுமாம். அதனால் சில நாளைக்கு இரண்டு கண்ணுக்கும் கட்டு.

மே 7, புதன்

கட்டுப் போட்டதிலிருந்து பிடித்து வைக்க முடியவில்லை. கைக்குக் கிடைத்ததை எல்லாம் பிய்க்கிறாள். கட்டை இழுக்கிறாள். அண்ணி காதோரம் குனிந்து, "கண்ணு, சாமி, அம்மா இங்கதான் இருக்கறேன், பேசாமப் படுத்துக்கடா தங்கம்" என்று காலையிலிருந்து ஓயாமல் சொல்கிறாள். சஷ்டி அவள் முகத்தைத் தள்ளிவிடுகிறாள். அண்ணி இன்னும் உரக்கச் சொன்னாள். நர்ஸ் வந்து, "இது ஆஸ்பத்திரியா, சந்தைங்களா?" என்றார்.

பக்கத்துக் கட்டில்காரி ஹசீனாக்கா. அவர் மகன் இர்பானுக்கு ஏழு வயது. துடைப்பக் குச்சியில் அம்பு செய்து விளையாடிக் கண்ணில் குத்திக்கொண்டான். ஒரு கண்ணில் மட்டும் கட்டு, வாய்க்குக் கட்டே இல்லை.

"ஏனுங் அம்மிணி, உங்க ஊட்ல எல்லாருமே இப்பிடித்தான் சண்டை புடிக்கற மாதிரி பேசிக்குவீங்களா?" என்று அண்ணியைக் கேட்டார் ஹசீனாக்கா.

"தறி ஓட்டறவங்க அக்கா. எங்களுக்கு மெதுவா வராது."

"இந்தப் புள்ள மட்டும் வாயே தொறக்க மாட்டீங்குது?" என்று என்னைக் காட்டினார்.

"அவ பட்டதாரிங்க்கா. பேச்செல்லாம் பரீச்சைப் பேப்பர்லயே தீந்துபோச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நேற்றிலிருந்து அண்ணி சிரித்தது அதுதான் முதல்.

சாயங்காலம் வேறு வழியில்லை என்று சஷ்டியின் கைகளை மெத்தென்ற துணியால் கட்டில் கம்பியில் கட்டினார்கள். கண்ணும் கட்டி, கையும் கட்டி. நான் வராண்டாவுக்குப் போய்க் குழாயடியில் சுத்தமாக இருந்த டம்ளரை மறுபடி மறுபடி கழுவினேன்.

மே 8, வியாழன்

இன்றும் அதே கதறல். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மே 9, வெள்ளி

இன்று டாக்டரம்மா சொன்னார். லேசாக மறுபடி கசிந்திருக்கிறது. இன்னொரு தடவை கசிந்தால் ஆபரேஷன். அதற்குப் பிறகும் பார்வைக்கு உறுதி சொல்ல முடியாது.

அவர் அந்தப் பக்கம் போனதும் சஷ்டி மறுபடி காலை உதைத்தாள். அண்ணிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "அடங்கவே மாட்டியா நீ? பொறந்ததுலருந்து ஒரு சொல்லு பேச்சுக்கு மதிப்பு உண்டா உங்கிட்ட?" அடித்துவிட்டு அதே இடத்தைத் தேய்த்துக் கொடுத்தாள். ஹசீனாக்கா அண்ணியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பால் வாங்கப் போகலாம் என்று பையை எடுத்தேன். போகும்போது பழக்கதோஷத்தில் அவள் நெஞ்சில் உள்ளங்கையால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினேன்.

நின்றுவிட்டாள். கால் உதைப்பது நின்றது. அழுகை நின்றது. கட்டியிருந்த கையின் விரல்கள் மட்டும் விரிந்து எதையோ தேடின.

அந்த இரண்டு தட்டு எங்கள் பட்டறைப் பேச்சு. இருபது தறி ஓடும் இடத்தில் வாயால் பேசி ஆகாது. ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் கழிவு நூலை உருட்டி அவர் மேல் எறிவோம். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வைத்தால் நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். காற்றில் இரண்டு தட்டுத் தட்டினால், 'இரு, இதோ வந்துவிடுகிறேன்.' சஷ்டி பேசப் பழகும் முன்பே இதெல்லாம் பழகியவள். வாய்ப்பேச்சு இன்னும் கொழகொழதான். அத்தை என்பதற்கு 'அத்' என்று மட்டும் வரும். செல்லம் அதிகம் என்று அம்மா சொல்வாள்.

நர்ஸிடம் கேட்டு ஒரு கையை அவிழ்த்தேன். உள்ளங்கையில் மறுபடி இரண்டு தட்டு. அவள் என் கட்டைவிரலைத் தேடிப் பிடித்துத் தன் வாய்ப்பக்கம் சாய்த்தாள்.

பால் வாங்க ஓடினேன்.

மே 10, சனி

இரண்டு கையும் அவிழ்த்தாயிற்று. இன்று ஒருமுறைகூடக் கட்டை இழுக்கவில்லை. அண்ணி அவள் உள்ளங்கையில் பேசுகிறாள். முதலில் கூச்சப்பட்டாள், இப்போது என்னைவிட வேகம். நாங்கள் புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டோம். முழங்கையில் கிள்ளினால் ஊசி. கன்னத்தில் ஊதினால் சொட்டு மருந்து. மூக்கைத் தொட்டால் அப்பா வந்திருக்கிறார். அண்ணன் மூக்கு அப்படி.

இர்பான் கட்டிலை விட்டு இறங்கி வந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான். நர்ஸ் வரும்போதெல்லாம் மீசையை முறுக்குகிறான். நர்ஸுக்கு விஷயம் தெரிந்து, "யாருடா இங்க முதலாளி?" என்று அவன் காதைத் திருகினார்.

அண்ணன் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தான். வீட்டிலிருந்து அம்மா போன் செய்தாள். அம்மா பேசினால் போனே தேவையில்லை, காவிரியின் இந்தக் கரைக்கே குரல் வந்துவிடும். என்னிடம் போனைக் கொடுத்தான். "நீயே பேசுண்ணா" என்று திருப்பிக் கொடுத்தேன்.

"பாருங்க்கா, பி.காம் முடிச்சவ. ஈரோட்ல ஒரு கம்பெனில வேலைக்குக் கூப்பிடறாங்க, போன்ல பேசற வேலை. சம்பளம் நல்லாத்தான் இருக்குது. போனை எடுக்கவே பயந்துட்டு வேணாங்கறா" என்று ஹசீனாக்காவிடம் முறையிட்டான்.

"கூச்சம் போவப் போவச் செரியாயிரும்" என்றார் ஹசீனாக்கா.

கூச்சம் என்றுதான் நானும் சொல்லிக்கொள்கிறேன். கல்லூரியில் முதல் நாள் ஆஜர் சொன்னபோது வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பட்டறையில் பேசுகிற குரலிலேயே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மறுநாளிலிருந்து கையை மட்டும் தூக்கினேன். மூன்று வருடமும் முதல் பெஞ்ச். பின்னால் உட்கார்ந்தால் பாடம் மனதில் நிற்பதில்லை. படிப்ஸ் என்று பெயர் வைத்தார்கள். இதை எதற்கு இங்கே எழுதுகிறேன்? சஷ்டிக்குச் சொட்டு மருந்து நேரம்.

மே 12, திங்கள்

ரத்தம் வற்றி வருகிறது. நல்ல கண்ணின் கட்டை இன்று எடுத்தார்கள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முதலில் அண்ணியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. வாயைப் பார்த்தாள். பேசு என்கிற மாதிரி என் உதட்டை விரலால் தட்டினாள்.

ஹசீனாக்கா என் தோளை உலுக்கினார். "அம்மிணி, நர்ஸு உங்களைத்தான் எத்தனை தரம் கூப்பிடறாங்க, அப்பிடி என்ன யோசனை?" வாசலில் நர்ஸ் மாத்திரைச் சீட்டோடு நின்றுகொண்டிருந்தார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் கோபமாக இருந்தனவா, களைப்பாக இருந்தனவா என்று தெரியவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் பாதி முகத்தோடு நடமாடுகிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை.

மத்தியானம் அண்ணி குளிக்கப் போன நேரத்தில் ஒன்று செய்து பார்த்தேன். அதை இன்றைக்கு எழுத மாட்டேன்.

மே 13, செவ்வாய்

எழுதாவிட்டால் அது இல்லை என்று ஆகிவிடாது.

நேற்று சஷ்டி பன் தின்றுகொண்டிருந்தாள். நான் கட்டிலின் தலைமாட்டுப் பக்கம், அவள் பார்வை படாத இடத்தில் நின்றுகொண்டு, "சஷ்டி" என்றேன். பன்னைப் பிய்த்தாள். "சஷ்டி, சேமியா ஐஸ் வேணுமா?" என்றேன். உயிரே அதுதான் அவளுக்கு. பன்னில் இருந்த சர்க்கரையை நக்கினாள்.

"எங்கீங்க்கா ஐஸு?" என்று இர்பான் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

இன்னும் ஒருமுறை சொன்னேன். நாலாவது கட்டில்காரர்கள் கூடத் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. பிறகு முன்னால் போய் நின்று, சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்து, 'ஐஸ்' என்றேன். குதித்து எழப் பார்த்தாள். பிடித்துப் படுக்க வைத்தேன்.

அந்த மத்தியானம் பட்டறையில் மற்ற தறிகள் எல்லாம் நின்றிருந்தன. ஓடியது ஒரே ஒரு தறி. அண்ணி கத்தியதும் நான் கத்தியதும் தெருமுனை டீக்கடை வரை போயிருக்கும். அவளிடம் போய்ச் சேரவில்லை.

எங்கள் வீட்டில் இது யாருக்கும் தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. எங்களில் யாரும் யாரையும் முதுகுப் பக்கம் இருந்து கூப்பிடுவதில்லை. தொட்டுக் கூப்பிடுவோம், நூலை எறிவோம், முன்னால் வந்து நின்று முகம் பார்த்துக் கத்துவோம். பள்ளிக்கூடத்தில் மிஸ் 'விளையாட்டுப் புத்தி' என்றார். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம்.

டாக்டரிடம் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்று காலையிலிருந்து மனதுக்குள் வாக்கியம் கட்டிக் கட்டிக் கலைக்கிறேன்.

மே 14, புதன்

ரவுண்ட்ஸ் வந்தார்கள். டாக்டரம்மா, கூட நாலைந்து மாணவர்கள். கண்ணைப் பார்த்தார், "குட்" என்று அண்ணியைத் தட்டிக் கொடுத்தார், நகர்ந்துவிட்டார். என் வாக்கியம் தொண்டையிலேயே நின்றது. அடுத்த கட்டிலுக்குப் போகிறார். அதற்கடுத்ததற்கு.

ஓடிப்போய் அவர் கோட்டுக் கையைப் பிடித்துவிட்டேன். மாணவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரை இழுத்து வந்து கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் நிறுத்தினேன். "சஷ்டிகா" என்று கூப்பிட்டேன். சஷ்டி தன் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தானே குனிந்து அவள் காதுக்குப் பின்னால் சொடுக்குப் போட்டார். அவர் விரல்கள் அசைவதைப் பார்த்தேன். இர்பான் திரும்பினான். சஷ்டி திரும்பவில்லை.

டாக்டரம்மா முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். இவ்வளவு இளமையானவர் என்று அப்போதுதான் தெரிந்தது.

"எவ்ளோ நாளா இப்படி?"

"எட்டு நாளா... இல்லைங்க டாக்டர். எப்பவுமேங்க."

அண்ணி, "என்ன மேகலா, என்ன பண்ற நீ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மே 15, வியாழன்

காது பரிசோதனை அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. உள்ளே இன்னொரு சின்ன அறை. சுவர் முழுக்க மெத்தை, ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்குள் நுழைந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை.

பரிசோதிக்கிற மேடம் முகக்கவசம் போடவில்லை. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, நம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது அவர் பேச்சுதான்.

"குடும்பத்துல வேற யாருக்காவது காது மந்தம் இருக்கா?"

"எங்க வகையறால அப்பிடியெல்லாம் யாருக்கும் கெடையாதுங்க" என்றான் அண்ணன், பட்டென்று.

அண்ணி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் தரையில் இருந்த டைல்ஸைப் பார்த்தேன்.

சஷ்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் உள்ளே உட்கார வேண்டும். மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். பெட்டியிலிருந்து சத்தம் வந்தால் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை எடுத்துக் குச்சியில் மாட்ட வேண்டும். இதைச் சஷ்டி உடனே பிடித்துக்கொண்டாள். பலத்த சத்தங்களுக்கு மாட்டினாள். மெல்லியவற்றுக்குச் சும்மா இருந்தாள். 'பூம்' என்று அடித்தொண்டைச் சத்தம் ஒன்று நன்றாக வந்தது. அதற்கு அவள் வளையத்தை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு நடந்த ஒன்றையும் எழுத வேண்டும். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. சஷ்டி ஒரு வளையத்தை எடுத்து மாட்டினாள். விளையாடுகிறாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் தலையை ஆட்டினார். சரி என்று. மறுபடி அமைதி. மறுபடி மாட்டினாள். மறுபடி மேடம் தலையை ஆட்டினார், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நான் அவள் கையை விட்டுவிட்டேன்.

முடிவை அண்ணன் அண்ணி இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இரண்டு காதிலும் குறைவு. பிறவியிலேயே இருந்திருக்கலாம், எதனால் என்று இப்போது சொல்ல முடியாது. காது மெஷின் வைத்துப் பேச்சுப் பயிற்சியும் கொடுத்தால் சாதாரணப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கலாம். "இன்னொண்ணு. குழந்தையை இனிமே தறி ஓடற எடத்துக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. அந்தச் சத்தம் நல்லா இருக்கற காதையே கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுரும். நமக்கே தெரியாது."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தறியை அணைக்காமல் போனதைப் பற்றி அவன் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. சஷ்டியின் செருப்பு வாரை அவிழ்த்து அவிழ்த்து மாட்டிக்கொண்டிருந்தான்.

மே 16, வெள்ளி

அண்ணி நேற்று முழுக்க அழவில்லை. இன்று காலையில் குழந்தைக்குத் தலை வாரும்போது ஆரம்பித்தாள்.

"எத்தனை அடி அடிச்சிருக்கறேன் மேகலா. கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமப் போறாளேன்னு. கரண்டில அடிச்சிருக்கறேன். அதுக்கு எதுக்கு அடி வாங்கறோம்னே தெரிஞ்சிருக்காதுல்ல?"

ஹசீனாக்காதான், "நானும் எம்பட மவனைத் தெனமும் அடிக்கறேன், அவனுக்குக் காது பாம்புக் காது" என்றார். இர்பான், "ஆமாங்க்கா, சும்மாவே அடிக்கும்" என்றான். அண்ணி அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். சஷ்டி எங்கள் எல்லோர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மே 19, திங்கள்

அடிபட்ட கண்ணின் கட்டையும் எடுத்தார்கள். சுவரில் ஒரு படம். மூன்று கால் உள்ள எழுத்து, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் விரலைக் காட்ட வேண்டும். கையால் பேச அவளுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? நல்ல கண்ணை மூடிக்கொண்டு வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டே போனாள். நாங்கள் மூச்சு விடவில்லை. கடைசிக்கு முந்தைய வரிசையில்தான் தடுமாறினாள்.

"தப்பிச்சுட்டா" என்றார் டாக்டரம்மா. முகக்கவசத்தை இறக்கிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார். மருந்தை நிறுத்தக் கூடாது, மாதாமாதம் காட்ட வேண்டும்.

ஹசீனாக்காவும் இர்பானும் வராண்டா வரை வந்தார்கள். இர்பான் சஷ்டியைப் பார்த்துக் காற்றில் இரண்டு தட்டுத் தட்டினான்.

மே 22, வியாழன்

வீட்டுக்கு வந்த பிறகுதான் படபடப்பு அதிகமாக இருக்கிறது. அண்ணி குழந்தையோடு வீட்டில் இருக்கிறாள். நான் அவளுடைய தறியைப் பார்த்துக்கொள்கிறேன். முன்பு இந்தச் சத்தம் எனக்குச் சத்தமாகவே தெரிந்ததில்லை. இப்போது ஒவ்வொரு அடியும் எண்ணிக் காதுக்குள் விழுகிற மாதிரி இருக்கிறது. காதில் பஞ்சு அடைத்துக்கொண்டேன். அண்ணனுக்கும் கொடுத்தேன். "எதுக்கு?" என்று கையால் கேட்டான். வாங்கி அடைத்துக்கொண்டான்.

கூடப் படித்த சுகன்யா வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறாள். டைப் பண்ணி அனுப்பு என்று பதில் போட்டேன். "உனக்கு எப்பப் பாரு இதே வேலை" என்று எழுதினாள்.

அந்தக் கம்பெனியிலிருந்து அண்ணனுக்கு மறுபடி போன். இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம்.

சாயங்காலம் சஷ்டியைத் தோட்டத்தில் விட்டுவிட்டு, முருங்கை மரத்துக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். குருவிகள் இருந்தன. கண்ணைத் திறந்தபோது அவற்றின் அலகுகள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

மே 26, திங்கள்

காது மெஷின் வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேடம் சஷ்டியின் காதுகளில் பொருத்தித் திருகினார். சஷ்டி முதலில் முகத்தைச் சுளித்தாள், பிடுங்கி எறிந்தாள். மறுபடி பொருத்தினார். இந்தத் தடவை அசையாமல் இருந்தாள். பிறகு மெதுவாக நிமிர்ந்து மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள். "கிர்" என்றாள், அதைக் காட்டி. ஆறாவது வயது நடக்கிறது. மின்விசிறிக்குச் சத்தம் உண்டு என்று இன்றுதான் அவளுக்குத் தெரிகிறது.

அண்ணி அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட வாயைத் திறந்தாள், மூடினாள். பயம். கடைசியில், "சஷ்டி" என்றாள். அண்ணியிடம் இவ்வளவு மெல்லிய குரல் இருப்பது எனக்குத் தெரியாது. அவள் உதட்டைப் பார்த்துத்தான் கூப்பிட்டாள் என்பதை நான் தெரிந்துகொண்டேன். சஷ்டி உடனே திரும்பவில்லை. மேடம், "அவசரப்படாதீங்க, பழகணும்" என்றார். அண்ணி மறுபடி, கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். சஷ்டி திரும்பினாள். யார் முதுகைத் தொட்டது என்று தேடுகிற முகம்.

எல்லோரும் கிளம்பினோம். பஸ் நிறுத்தத்துக்குப் பாதி வழியில் தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டேன் என்று சொல்லித் திரும்பி வந்தேன். உண்மையிலேயே விட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். வேண்டுமென்றே.

மேடம் முதுகைக் காட்டி மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவர் திரும்பும்வரை நின்றேன்.

"என்னம்மா, பாட்டிலா?"

எடுத்துக் காட்டினேன். சிரித்தார். வாசல் வரை போனேன். உள்ளே அந்த மெத்தைச் சுவர் அறையின் கதவு திறந்திருந்தது. வளையங்கள் தரையில் கிடந்தன. இரண்டு தடவை சஷ்டி மாட்டியபோது மேடம் தலையாட்டியது நினைவுக்கு வந்தது. சஷ்டிக்குக் கேட்டது. பக்கத்திலேயே, அவளை மடியில் வைத்துக்கொண்டு நானும்தான் இருந்தேன்.

திரும்பி வந்தேன். வாக்கியம் எதையும் கட்டிக்கொண்டு வரவில்லை. குரல் எவ்வளவு வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. வராண்டாவில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இந்தத் தடவை குரலைக் குறைக்கவில்லை.

"மேடம், என்ற காதையும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."